டாப்புவில் எல்லோரும் இருந்தார்கள்

போர்ட் பிளேரில் ஃபேஸ்புக்கை ஜெயித்துவிட முடியும் என்று மனதார நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேபிள் டிவி முத்துராஜ், மற்றவள் வைஜெயந்தி.

அப்போதெல்லாம் அந்தமானுக்கு இன்டர்நெட் முழுக்க சாட்டிலைட் வழியாகத்தான் வந்தது. நெட் சென்டரில் ஒரு போட்டோவைத் திறந்துவிட்டு டீ சொன்னால், டீ ஆறும்போது நெற்றி மட்டும் வந்திருக்கும். கண் வருவதற்குள் லைன் போய்விடும். சென்னையில் இன்ஜினியரிங் முடித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்துவிட்டு, அம்மா இறந்தபின் அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் புரோத்ராபூர் வீட்டுக்குத் திரும்பியிருந்த வைஜெயந்திக்கு இது பெரிய இம்சையாக இருந்தது. ஒருநாள் அபர்தீன் பஜாரில் இருந்த முத்துராஜின் ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, இந்த பஜார்ல இருக்கிறவன் ஜங்கிலிகாட்ல இருக்கிறவனுக்கு ஒரு போட்டோ காட்டணும்னா, அது எதுக்கு வானத்துக்குப் போயிட்டு வரணும்? உங்க கேபிள்தான் எல்லார் வீட்டுக்கும் போகுதே?"

முத்துராஜ் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, கூலிக்குக் கம்பி இழுத்து, பிறகு சொந்தமாகக் கம்பி இழுத்து முன்னுக்கு வந்தவர். எதிரில் பேசுவது பொம்பளைப் பிள்ளையா, படித்த பிள்ளையா என்றெல்லாம் பார்க்க மாட்டார். சொன்ன விஷயத்தைத்தான் பார்ப்பார். "உக்காரும்மா. இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுனாமி வந்தபோது அவள் பிளஸ் டூ. அப்பா திருநாவுக்கரசு, கப்பல்கள் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். போன் எல்லாம் செத்துப்போய், எந்தத் தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் சனங்கள் வருகிற ஒவ்வொரு கப்பலையும் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் வந்து சொல்வார். மெயின்லேண்டை எதிர்பார்க்காமல் தீவுக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

முத்துராஜ் ஆபீஸ் மாடியில் ஒரு சர்வர் வந்து உட்கார்ந்தது. தீவுக்காரர்கள் படமும் சேதியும் போட்டுக்கொள்ள வைஜெயந்தி அதில் ஒரு தளம் கட்டினாள். கேபிள் கம்பி வழியாக வீடுகளுக்கும் நெட் சென்டர்களுக்கும் இணைப்பு போனது. கம்பத்தில் ஏறி இணைப்பு கொடுத்தவன் பிமல் ஹல்தார், திக்லிபூரில் பாக்குத்தோப்பு வைத்திருக்கும் பெங்காலிக் குடும்பத்துப் பையன். தளத்துக்கு டாப்பு என்று பெயர் வைத்ததும் அவன்தான். இந்தியில் டாப்பு என்றால் தீவு. தமிழ், தெலுங்கு, மலையாளம், பெங்காலி என்று யார் வாயிலும் சுலபமாக நுழைந்த பெயர்.

டாப்புவில் போட்டோ தொட்டதும் திறந்தது. முதல் மாதங்களில் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. நாளைக்கு ஹேவ்லாக் தீவுக்கு போட் உண்டா, எந்த வார்டில் தண்ணீர் விட்டார்கள், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் வந்தார்கள் என்று எல்லாம் அதில் வந்தது. புரோத்ராபூர் ரோட்டுக் குழியில் ஒரு ஸ்கூட்டர் கவிழ்ந்து கிடந்த படத்தை யாரோ போட, ரோடு போட்ட கான்ட்ராக்டர் நேரில் வந்து அதை எடுக்கச் சொன்னார். வைஜெயந்தி மறுத்துவிட்டாள். 'போட்டவர் எடுத்தால் ஒழிய நாங்கள் எதையும் எடுக்க மாட்டோம்' என்று முதல் பக்கத்திலேயே எழுதியும் வைத்தாள். அவளைத் தெரியாதவர்கள்கூட பஜாரில் நிறுத்திப் பாராட்டினார்கள்.

ஆனால் அதற்கு மேல் டாப்பு வளரவில்லை. சனங்கள் காலையில் வந்து போட் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பழையபடி ஃபேஸ்புக்கில் போய் உட்கார்ந்தார்கள். காரணத்தை நெட் சென்டர் நடத்தும் ஜெயலட்சுமி பட்டென்று சொன்னாள்.

"உன்னோடது ஃபாஸ்ட்டுதான் வைஜி, இல்லங்கல. ஆனா அதுல இருக்கிற மூஞ்சி எல்லாம் நான் தினம் பஜார்ல பாக்கிற மூஞ்சிதானே? என் தங்கச்சி மதுரைல இருக்கா. அவ பிள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு மணி நேரம் ஆனாலும் நான் அதத்தான் தொறந்து பாப்பேன்."

முத்துராஜ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "தினம் பாக்கிற மூஞ்சிதான். ஆனா அது வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதுல்ல?" என்றார். அவர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று வைஜெயந்தி நினைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் பானுவின் படம் வந்தது. பானு காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண். போர்ட் பிளேர் மெரினா பார்க் பெஞ்சில் ஒரு பையனோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். முகத்துக்குப் பதில் ஒரு கிளியின் படத்தைப் போட்ட பொய்க் கணக்கிலிருந்து வந்தது. கீழே ஊர்ப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள். மறுநாள் பானுவின் அம்மா ரெங்கம்மா மாடியேறி வந்தாள்.

"அத எடுத்துரு கண்ணு. அவங்கப்பா இன்னும் பாக்கல. பாத்தா வெட்டிருவாரு."

"அதுல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா. நான் ஒருத்தருக்கு எடுத்தா எல்லாரும் கேப்பாங்க. நாளைக்கு அந்தக் கான்ட்ராக்டரும் வந்து நிப்பாரு."

ரெங்கம்மா சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் சர்வரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனாள். அந்த வாரம் டாப்புவுக்கு வந்த கூட்டம் அதுவரை வராத கூட்டம். பானுவைக் காலேஜிலிருந்து நிறுத்தி அடுத்த கப்பலிலேயே விருதுநகர் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைஜெயந்திக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும், நான் செய்தது சரிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவள் படமே வந்தது.

அவளும் பிமலும் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சிடியா டாப்பு என்கிற கடற்கரைக்குப் போயிருந்தார்கள். ஒரு வருஷமாக இருவருக்கும் பழக்கம். யாரிடமும் சொல்லவில்லை. அலையில் இறங்கியவள் காலில் உடைந்த சங்கு ஏறிவிட்டது. கரையில் சாய்ந்து கிடந்த மரத்தில் அவளை உட்கார வைத்து, பிமல் மணலில் மண்டியிட்டு, அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்து சங்குச் சில்லை எடுத்தான். யாரோ தூரத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் சங்கும் தெரியவில்லை, ரத்தமும் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஆபீசில் உட்கார்ந்து டாப்புவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. அதே கிளி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின. இந்தியில், பெங்காலியில், தங்கிலீஷில். எழுதியவர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

பிமல் போன் செய்தான். கம்பத்தின் மேலிருந்தே பேசினான் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டது. "பட்டன் உன் கையிலதானே இருக்கு? அமுக்கு" என்றான் இந்தியில்.

"எப்படி அமுக்கறது பிமல்? ரெங்கம்மாவுக்கு மாட்டேன்னு சொன்னேனே."

"அது வேற."

"என்ன வேற?"

"திக்லிபூர் பஸ்ல தினம் எங்க ஊர் ஆளுங்க போறாங்க. சாயங்காலத்துக்குள்ள எங்கம்மா காதுக்குப் போயிரும். இது தெரிஞ்சும் நீ உக்காந்து யோசிச்சிட்டிருக்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மவுஸின் அம்பை அந்தப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். எடுத்தால், ஊராருக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்றாகும். எடுக்காவிட்டால், சரசரவென்று ஏறிக்கொண்டிருக்கும் அந்த எழுத்துகளுக்கு நடுவே தினமும் வந்து உட்கார வேண்டும். அதைவிட மோசமான ஒன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படத்தை எடுத்தாலும் பஜார் இருக்கிறது, ஜெட்டி இருக்கிறது, இந்த ரோடு இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் இங்கேயேதான் இருப்பார்கள். அவளும் இங்கேயேதான் இருப்பாள்.

முத்துராஜ் மாடியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். ஆனால் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதம்மா. காலையில இருந்து ஃபேஸ்புக் பக்கம் ஒருத்தனும் போகலயாம். ஜெயலட்சுமி கடைல அத்தன சிஸ்டத்துலயும் நம்மதுதான் ஓடுது. நீ சொன்னியே, நம்மளால முடியும்னு. முடிஞ்சிருச்சு பாரு."

அவர் போனதும் முதல் பக்கத்தைத் திறந்து தான் எழுதிய சட்டத்தை அழித்தாள். படத்தில் இருப்பவர் கேட்டால் படம் எடுக்கப்படும் என்று புதிதாக எழுதினாள். முதலில் பானுவின் படத்தை எடுத்தாள். அதன்பிறகு தன்னுடையதை எடுத்தாள். நேரே ரெங்கம்மா வீட்டுக்குப் போனாள்.

ரெங்கம்மா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். "இப்ப எடுத்து என்ன பிரயோஜனம்? எம்பிள்ள கப்பலேறிப் போயாச்சு. உனக்கு வலிச்சப்புறந்தான் எடுத்திருக்க" என்றாள். அதில் கோபமே இல்லை. அதனாலேயே வைஜெயந்தியால் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலை இரண்டு படங்களும் பழைய இடத்திலேயே இருந்தன. பழைய சட்டமும் திரும்ப வந்திருந்தது. அவள் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

"ரூல நீதானம்மா போட்ட?" என்றார் முத்துராஜ். "நான் ஒண்ணும் புதுசா பண்ணல. கம்பி என்னோடது, சர்வர் என்னோடது. இப்பதான் சூடு பிடிச்சிருக்கு, நீயே தண்ணி ஊத்தினா எப்படி? ரெண்டு நாள் வீட்ல இரு. எல்லாம் ஆறிரும்."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மாடியில் அவள் கால் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஜெட்டியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் கவுண்டரில் வந்து நிற்கிறவர்கள் சிலரின் போனில் அந்தப் படம் ஏறியிருந்தது.

"ஒருத்தன் காட்டினான்" என்றார்.

அவள் சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"கால்ல என்ன குத்துச்சு?"

"சங்குப்பா."

"ஆறிடுச்சா?"

"ம்."

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். அதன்பிறகு சாப்பாடு, மழை, கரண்ட் போவது என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசினார். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "உன் பழைய கம்பெனில திரும்பக் கூப்பிட்டா சொல்லு, கப்பல்ல டிக்கெட் போட்டுத் தரேன்" என்றார். கம்பெனி ஏற்கெனவே கூப்பிட்டிருந்தது. அவள் சொல்லவில்லை. அவள் போய்விட்டால், ஓடிவிட்டாள் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இந்த மனிதர் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிமலை அவன் அப்பா திக்லிபூருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். "பாக்கு சீசன் முடிஞ்சதும் வர்றேன்" என்று போனில் சொன்னான். சீசன் முடிந்தது. பிறகு போன் எடுப்பதும் குறைந்தது. ஒருநாள் அவளே பஸ் ஏறிவிடலாம் என்று ஸ்டாண்ட் வரை போனாள். டிக்கெட் வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

டாப்புவின் சூடு முத்துராஜ் நினைத்தபடி நிற்கவில்லை. அடுத்தடுத்து யார் யார் படமோ வந்தது. தங்கள் வீட்டுப் படமும் வந்துவிடுமோ என்று பயந்து சனங்கள் கணக்கை மூட ஆரம்பித்தார்கள். அதற்குள் சாட்டிலைட் லைனும் கொஞ்சம் அகலமாகி, எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஃபேஸ்புக் நின்று நின்றாவது திறந்தது. முத்துராஜ் சர்வரைக் கழற்றிவிட்டு அந்த மாடியை வாடகைக்கு விட்டார். வைஜெயந்தி ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சரானாள். படம் அழிந்தது என்று அவள் மூச்சு விட்ட மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து அத்தை சொர்ணம்மா போன் செய்தாள். ஃபேஸ்புக்கில் போர்ட் பிளேர்க்காரர்கள் குரூப் ஒன்றில் யாரோ பழைய படங்களைப் போட்டிருக்கிறார்களாம். "அது நீதானா பிள்ள?" என்று கேட்டாள். தீவுக்குள்ளேயே இருந்தது இப்போது கடலையும் தாண்டிவிட்டது.

அப்பா ரிட்டயர் ஆன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புதுப் போனைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "ஜெட்டில கூட இருந்தவங்க எல்லாம் ஃபேஸ்புக்ல இருக்காங்களாம். எனக்கும் ஒண்ணு தொறந்து குடு."

திறந்து கொடுத்தாள். பேர், ஊர், ஒரு போட்டோ. உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று சில முகங்கள் வரிசையாக வந்தன. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. பாக்குமரங்களுக்கு முன்னால் பிமல் நின்றிருந்தான். முன்னைவிடச் சதை போட்டிருந்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"இந்தப் பையன்..." என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"திக்லிபூர்லதான் இருக்கானா?"

"தெரியலப்பா."

'நண்பராகச் சேர்' என்றும் 'நீக்கு' என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. அப்பாவின் விரல் இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது. எதை அமுக்கச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "சோறு எடுத்து வைம்மா."