பனிப்பாளத்தின் மேல் பத்து நிமிடம்

கியூபெக் நகரத்தின் குளிர்காலத் திருவிழாவுக்கு வரும் கூட்டமெல்லாம் பனிக்கோட்டையைப் பார்க்க ஓடும். படகோட்டி ஓடீலுக்கோ படகுப் போட்டிதான் திருவிழா. செயின்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்து எதிரே உள்ள லெவி கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தண்ணீரில் துடுப்பு, பனிப்பாளத்தில் ஒரு கால் படகுக்குள், மறுகால் வெளியே உந்தி ஓட்டம். பாலமில்லாத காலத்தில் தபாலையும் வைத்தியரையும் இப்படித்தான் அக்கரை சேர்த்தார்கள். அந்தப் படகோட்டிகளின் வீம்புதான் இன்று போட்டியாகியிருக்கிறது.

போன வருடம் சுக்கான் பிடித்த ஓடீல், படகிலிருந்த மற்ற நால்வரும் அவசரப்படுத்தியதால் படகைப் பாதி உறைந்த பனிக்கூழுக்குள் விட்டுவிட்டாள். கூழில் துடுப்பும் பாயாது, காலும் ஊன்றாது. கடைசியாக வந்தார்கள். இந்த முறையும் பிசகினால் சுக்கான் அவர்களில் ஒருவனான நோர்மானுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள்.

லெவியிலிருந்து திரும்பும்போது நடு ஆற்றில் அதே சாம்பல் நிறக் கூழ் தெரிந்தது. ஓடீல் படகைக் கரையோரப் பனியில் நீரோட்டத்துக்கு எதிராக வெகுதூரம் இழுக்கவைத்தாள். பிறகு மிதந்து வந்த பெரிய பாளத்தின் மேல் ஏற்றச் சொன்னாள்.

"உக்காருங்க."

"என்ன கேப்டன், பிக்னிக்கா வந்திருக்கோம்?" நோர்மான் கத்தினான். "அங்க ரெண்டு படகு முந்திடுச்சு!"

"கூழுக்குள்ள போறாங்க. போகட்டும்."

"உங்களுக்குப் பயம் வந்துடுச்சு."

"போன வருஷம்தான் பயந்தேன். உங்க சத்தத்துக்கு. இப்ப வாயை மூடு."

நால்வரும் படகோரம் உட்கார்ந்தார்கள். பாளம் அடியில் முனகியபடி நகர்ந்தது. அந்தப் பழைய படகோட்டிகளும் இப்படி எத்தனை முறை உட்கார்ந்திருப்பார்கள் என்று ஓடீல் நினைத்தாள். ஆறு நகரும்போது மனிதன் சும்மா இருப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும். அவர்களிடம் அது இருந்தது.

நீரோட்டம் பாளத்தைக் கூழின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோனது. கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. நேர் எதிரே முடிவுக் கோடு.

"இப்ப! தள்ளு!"

ஐந்து பேரும் படகோடு நீரில் பாய்ந்தார்கள். முந்திப்போன படகுகளில் ஒன்று இன்னும் கூழில் திணறிக்கொண்டிருந்தது. மற்றதற்கு அடுத்து, இரண்டாவதாக இவர்கள் கரை தொட்டார்கள்.

நோர்மான் கரையில் கொடுத்த சூடான மதுவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சுக்கான் துடுப்பின் பனியைத் தன் இடுப்புக் கச்சையால் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"அடுத்த வருஷமும் இப்படி உக்காரவைப்பீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க கேப்டன். சீட்டுக்கட்டு எடுத்துட்டு வர்றேன்."