கை மார்க்

விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு வீடியோ கேமுக்கு வழக்கமாக நான்கு மார்க் போடுவார்கள்: கதைக்கு, படத்துக்கு, இசைக்கு, மொத்தத்துக்கு. இவர் ஐந்தாவதாகக் கைக்கு ஒன்று போடுவார். பொத்தானை அழுத்தியதும் திரையில் நிற்பவன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா, இல்லை யோசித்து யோசித்துக் கிளம்புகிறானா என்பதற்கு மட்டும் பத்துக்கு இத்தனை என்று தனி மார்க். பதினெட்டு வருடம் இதைப் போட்டதில் அவருடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய், 'கைமார்க்' என்பதே நிலைத்துவிட்டது. மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த மார்க்கை அவர் லேசில் கொடுக்கிற ஆள் இல்லை. புது கேம் வந்தால் முதல் ஒரு மணி நேரம் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவார். பாட்டும் வெடிச்சத்தமும் சேர்ந்தால் மட்டமான கேம்கூட வேகமாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, காதில் ஒரு பேனா. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வழக்கமும் உண்டு.

எல்லா வகை கேமும் ஆடுவார், எல்லாவற்றிலும் ஏதாவது சொல்ல அவருக்கு இருக்கும். கார் பந்தய கேம்கள் வீட்டில் வாயைத் திறக்காத மனிதர்களுக்காகச் செய்யப்பட்டவை என்று ஒருமுறை எழுதினார். துப்பாக்கி கேமில் பயப்படுகிறவனுக்குத்தான் ருசி, பயமில்லாதவனுக்கு விரல் வலிதான் மிச்சம் என்றார். பேய் கேம்களில் பேய் வந்த பிறகு பயம் போய்விடுகிறது, கதவின் கைப்பிடி மெதுவாகத் திரும்புகிற வரைக்கும்தான் அது பேய்க் கதை என்றார். நாள் முழுக்க ஆபீசில் மாடாக உழைத்துவிட்டு வந்து, திரையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச உட்கார்கிறவனை என்ன சொல்வது என்று விவசாய கேம்களைக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்துகொண்டே அந்த வயலில் மூன்று வருஷ அறுவடை முடித்திருந்தார்.

ஆறேழு மாதமாக அவருடைய கை மார்க் இறங்கிக்கொண்டே வந்தது. கால்பந்து கேமுக்கு ஐந்து. 'பந்தை உதைக்கச் சொன்னால் ஆள் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு உதைக்கிறான்.' கார் பந்தயத்துக்கு நான்கு. வாள்சண்டைக்கு மூன்று. கடைசியில் பொறுக்க முடியாமல், 'இந்தக் காலத்து கேம்களுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது' என்று ஒரு நீளக் கட்டுரை எழுதி எல்லாக் கம்பெனிகளையும் ஒரு பிடி பிடித்தார். வாசகர்கள் கொண்டாடினார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது, சொல்லத் தெரியாமல் இருந்தோம் என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். அவருக்குத் தலை கொஞ்சம் கனத்ததும் உண்மைதான்.

அந்த ஜோரில்தான் 'கூரைத் தபால்' அவர் கையில் சிக்கியது. ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் ஐந்து வருஷம் உட்கார்ந்து செய்த சின்ன கேம். வெள்ளத்தில் மூழ்கிய ஊர். தபால்காரர் கூரைக்குக் கூரை தாவித் தாவிக் கடிதம் கொடுக்க வேண்டும். கால் வைத்த ஓடு நொறுங்குவதற்குள் அடுத்த தாவல். அண்ணன் வரைந்த மழையைப் பற்றி அரைப் பக்கம் உருகி எழுதினார். கை மார்க் இரண்டு. 'தபால்காரர் எப்போதும் ஒரு கணம் தாமதமாகத்தான் தாவுகிறார். இவர் கொண்டுவரும் கடிதத்தை யார் நம்புவது?' அந்தக் கடைசி வரியை ஊரே எடுத்துப் போட்டுச் சிரித்தது. கேமை யாரும் சீந்தவில்லை.

ஏழு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துத்தான் திறந்தார். அவள் திட்டவில்லை. நீங்கள் சொன்ன தாமதத்தைத் தேடுகிறேன், தாவுகிற பகுதியை மட்டும் மூன்று முறை அடியோடு திருப்பி எழுதிவிட்டேன், என் கண்ணுக்கு அகப்படவே இல்லை, உங்கள் கை தப்பாகச் சொல்லாது என்று தெரியும், ஒருநாள் வந்து நீங்கள் ஆடுவதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு உதவலாம் என்று பழைய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தார். எந்தெந்த கேமில் எவ்வளவு தாமதம் என்று பட்டியல் போடப் போனவருக்கு, கை மார்க் குறையாத கேம்களும் கண்ணில் பட்டன. விவசாயம், ஒன்பது. கட்டம் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் போர், ஒன்பது. பேசிப் பேசியே போகும் துப்பறியும் கதை, பத்து. அவசரமே இல்லாத கேம்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தன. விரல் பறக்க வேண்டிய கேம்கள் எல்லாம் ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி, சோம்பேறி ஆகியிருந்தன. பல நாட்டுக் கம்பெனிகள் கூடிப் பேசிக்கொண்டா இதைச் செய்யும்?

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. போன வருஷம் கோட்டுக்குக் கோடு நிறைந்திருந்த கையெழுத்து, பக்கம் போகப் போகச் சிறுத்து, கடைசிப் பக்கங்களில் அவருக்கே படிக்க வரவில்லை. நோட்டுகளை அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டு மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக அவர் செய்த ஒரே வேலை இது. வேறெதுவும் தெரியாது. அந்தப் பெண்ணின் கேமில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார். அது எவ்வளவு கேவலமான வேண்டுதல் என்று தெரிந்தேதான் வேண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அவள் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். முதுகுப்பையிலிருந்து போனையும் அதை நிறுத்த ஒரு சின்ன முக்காலியையும் எடுத்து வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுவரிலும் கேம் பெட்டிகள். நாலாவது சுவரில் திரை. அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஓதம் ஏறிய ஒரு திட்டு.

"உக்காரும்மா. இந்த ரூமுக்குள்ள நானே வருஷத்துக்கு ரெண்டு தடவதான் நுழையறேன், அதுவும் தொடப்பத்தோட" என்றார் மனைவி. மருந்துக்கடையில் மருந்தாளுநர். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. டீயை வைத்துவிட்டுப் போகாமல் கதவோரமே நின்றார்.

"உங்கள ரொம்ப கஷ்டப்படுத்திட்டேன் போல" என்றார் இவர்.

"அய்யோ, இல்ல சார். அண்ணன்தான் போதும் விடுன்னு வேற வேலைக்குப் போயிட்டான். எனக்கு விட மனசு வரல. எங்க தப்புன்னு தெரிஞ்சாப் போதும். அதுக்கப்புறம் நானும் தூங்கிருவேன்."

போனை முக்காலியில் பொருத்தினாள். அவருடைய கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி கோணம் பார்த்தாள். வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதி அந்தப் போனில் இருந்தது. விரல் பொத்தானில் இறங்குவதற்கும் தபால்காரர் தாவுவதற்கும் நடுவில் எத்தனை படம் போகிறது என்று எண்ணிவிடலாம் என்றாள்.

"ஒரே ஒரு ஒத்தாசை சார். ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் 'ஹும்'னு வாயால சொல்லுங்க. எந்த இடத்துல தாவணும்னு நெனச்சீங்கன்னு எனக்குத் தெரியணும்."

அவர் ஆடினார். ஹும் என்றார். ஹும். ஹும். தபால்காரர் நாலாவது கூரையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். மறுபடி. ஐந்தாவது கூரை. மறுபடி நாலாவது.

"பாத்தீங்களா, லேட்டாத்தான் தாவுது" என்றார். குரலில் ஓர் ஆசை இருந்தது.

அவள் போனைக் கையில் எடுத்து ஓட்டினாள். விரல் இறங்கியது. தபால்காரர் தாவினார். உதட்டசைவில் எண்ணினாள். திரும்ப எண்ணினாள். "அழுத்தினதும் ஒடனே தாவுது சார். இதுக்கு மேல எந்த மெஷின்லயும் வேகமா தாவ முடியாது" என்றாள் குழப்பமாக. பிறகு சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை ஓட்டினாள்.

மெதுவாக ஓடும்போது அவருடைய 'ஹும்' மாடு கத்துவதுபோல நீளமாக வந்தது. அது வந்தது, முடிந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றிருந்தது. அப்புறம்தான் இறங்கத் தொடங்கியது. அடுத்த 'ஹும்'மிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கன்ட்ரோலர இடது கையில வச்சு அழுத்தறேன். எடுங்க."

இடது கட்டைவிரலால் ஆடினார். பழக்கமில்லாத கைதான், முதல் கூரையிலேயே விழுந்தார். ஆனால் படத்தில் சொல்லும் விரலும் ஒன்றாக இறங்கின.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. தனக்கு வேண்டிய பாதி. "என் கேம்ல தப்பே இல்ல" என்றாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத முகம். "சார், என் கேம்ல தப்பே இல்ல!" போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். "அண்ணே, நம்ம மேல தப்பு இல்லண்ணே. ஆமா, எண்ணிப் பாத்துட்டேன். தபால்காரன் கரெக்டாத்தான் தாவறான்." ஏழு மாதம் தூங்காத ஒருத்தியின் சந்தோஷம் கூடத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்க மட்டும் முடியவில்லை.

மனைவி கதவை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எந்த மாத்திரைக்கு எந்த நோய் என்று தெரிந்த பெண்மணி. "கட்டைவெரலயும் ஆள்காட்டிவெரலயும் தட்டுங்க. வேகமா. இன்னும் வேகமா" என்றார். விரல்கள் நாலு தட்டு தட்டின, பிறகு தூரம் குறைந்து குறைந்து ஓய்ந்தன.

"எத்தன நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"கேம்தான் மந்தமா இருக்குன்னு நெனச்சேன்."

"சட்டை பட்டன் போட அவ்ளோ நேரம் ஆகுது. அதுவும் கேமா?" என்று கேட்டுவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

பெண் திரும்பி வந்தாள். இருவரும் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் மீதிப் பாதியும் அவளுக்குப் புரிந்தது. முகம் தொங்கிப்போனது. "சார், நான்..." என்று தொடங்கி எதையும் முடிக்காமல் முக்காலியை மடக்கினாள்.

மருத்துவர் பத்து நாள் கழித்துப் பெயர் சொன்னார். நடுக்குவாதம். நடுக்கம் பிறகு வரலாம், பலருக்கு முதலில் வருவது இந்த மந்தம்தான், மருந்து ஓரளவு கேட்கும் என்றார். பொத்தான் அழுத்துகிற வேலைக்குத் திரும்பலாமா என்று இவர் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். மருத்துவர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' எது என்று மனைவிக்குத் தெரியும். வீடு வரும்வரை அந்த அம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் அவர் தன் கடைசி விமர்சனத்தை எழுதினார். கடந்த பதினான்கு மாதங்களில் நான் கை மார்க் குறைத்த பதினொரு கேம்களும் இவை, தாமதம் அவற்றில் இல்லை, என் கையில் இருந்தது, 'கூரைத் தபா'லுக்குப் பத்துக்குப் பத்து, செய்தவர்கள் மன்னிக்க வேண்டும் என்று. நோயின் பெயரை எழுதவில்லை. அவ்வளவாவது தனக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ள நினைத்தார்.

வாசகர்கள் நம்பவில்லை. கைமார்க்கின் கையாவது தப்பாவதாவது என்றார்கள். எங்களுக்கும்தானே தாமதமாக இருந்தது என்றார்கள். அவர் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தாமதம் தெரிய ஆரம்பித்தது என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கம்பெனிக்காரன் கவனித்துவிட்டான், மனுஷன் விலை போய்விட்டார் என்று ஒருவர் எழுதியதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண்ணையும் விடவில்லை. வீட்டுக்கே போய்க் கெஞ்சி மார்க் வாங்கியவள் என்று எழுதினார்கள். அவர் தப்பாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள், நிஜத்தைச் சொன்னபோது முகத்தில் துப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை அவள் போனில் கூப்பிட்டாள்.

"நான் கேக்கக் கூடாதுதான் சார். அண்ணன் அந்த வீடியோவப் போட்டுரலாம்ங்கறான். நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னா இப்பவே அழிச்சுடறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கடைக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டியிருந்தவர், அதைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"போடுங்கம்மா" என்றார் அவர்.

"சார், நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. ஒன்னே ஒன்னு. சத்தத்தோட போடுங்க" என்றார். "சத்தம் இல்லேன்னா என் கை நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும்."