ரோஜாக்களுக்கு நடுவே ஜினியா

…இலையில் படாமல் வேரில் மட்டும் ஊற்றியிருக்க வேண்டும், தெரியும், தெரிந்தும் இந்த வாரமெல்லாம் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் குழாயைத் தலைவழியே காட்டிவிட்டு ஓடியது யார், நான்தானே, என்று தன்னையே கடிந்துகொண்டு, ஜினியா இலையில் மாவு தூவினாற்போல் படிந்திருந்த வெள்ளையை அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்தால் போகிறது, ஆனால் அடியில் இலை பழுத்திருக்கிறது… இது பக்கத்து ரோஜாவுக்கும் தாவினால்? நினைக்கும்போதே முதுகுக்குப் பின்னால் சக்கர நாற்காலி முனகியது. "போதும்" என்றார் அத்தை. எது போதும், வெயிலா, உட்கார்ந்தது போதுமா, நான் போதுமா? பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அத்தைக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான், பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், மகன் வந்து நெற்றியைத் தொட்டாலும் போதும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள், "உள்ள எல்லாம் இருக்குங்க, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு, நீங்க பேசிக்கிட்டே இருங்க." அதனால் பேசிக்கொண்டே இருக்கிறாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தையிடம் பேசாததையெல்லாம் சேர்த்து, வட்டியும் முதலுமாக.

இந்த ரோஜாக்கள் அத்தையுடையவை. ஒவ்வொரு கிளையையும் எங்கே வெட்டினால் எந்தப் பக்கம் துளிர்க்கும் என்று அறிந்த கை அது, இப்போது மடியில் பூனைபோலச் சுருண்டு கிடக்கிறது. வந்த புதிதில் அவள் ஆசையாக ஜினியா விதைத்தாள், இரண்டு இலை விட்டதும் அத்தை ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டார், "ரோஜாவுக்கு நடுவுல என்ன இது, களை மாதிரி, கண்றாவியா." அவள் வாயே திறக்கவில்லை, கணவனிடம்கூட. இந்த வருஷம் விதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "அத்தை, இங்க விதைக்கட்டுமா?" "போதும்." சரி என்றுதானே அர்த்தம்? "அம்மாவே சரின்னுட்டாங்க" என்று கணவனிடம் சொன்னபோது அவர் சிரித்தார், "அப்படியா சொன்னாங்க?" "அவங்க பாஷையில சொன்னாங்க." எப்படிப் பூத்தது பாருங்கள், ஆரஞ்சும் சிவப்பும் கத்தரிப்பூ நிறமுமாக, தேடிக்கொண்டு வண்டுகள் வந்தன, புள்ளிபோட்ட சிவப்புப் பூச்சிகள் வந்தன, வழக்கமாக ரோஜா மொட்டில் ஈயாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினி, அவற்றுக்கு இரையாகி, இந்த முறை பேருக்குத்தான் இருந்தது. பார்த்தீங்களா அத்தை என்று தினமும் கேட்டாள், அத்தை தினமும் போதும் என்றார், அவளும் தினமும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பிடுங்கிவிட வேண்டியதுதான், வேறென்ன செய்வது… நோய் பிடித்த செடியின் தூரைப் பற்றி இழுத்ததும், "போதும்! போதும்!" அத்தையின் இடக்கை நாற்காலிக் கைப்பிடியில் படபடவென்று அடித்தது. பிடுங்காதே என்கிறாரா, இதோடு எல்லாவற்றையும் பிடுங்கித் தொலை என்கிறாரா? வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவள் கேட்பது இதைத்தான், இந்த வில்லை தெளிவா இருக்கா, அதுவா, ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது என்பவர்களுக்கும் பொறுமையாக மாற்றிமாற்றிக் காட்டுவாள்… "இதுவா அத்தை? அதுவா?" இதற்கும் போதும், அதற்கும் போதும். கடைசியில் நாற்காலியைப் பாத்தியோரம் வரை தள்ளி வந்தாள். அத்தை குனிந்தார். இடக்கை ரோஜாவைத் தாண்டிப் போய் ஜினியாவின் தண்டைப் பிடித்தது, இழுத்துவிடப் போகிறார் என்றே நினைத்தாள். கை இழுக்கவில்லை. வெள்ளை படிந்த இலை ஒன்றை நகத்தால் கிள்ளிக் கீழே போட்டது, பிறகு அதன் கீழ் இலையை, பிறகு இன்னொன்றை, இரண்டு செடிகள் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் விரலை நுழைத்து விலக்கியது. உதடு கோணி நடுங்கி, எதையோ கெல்லியெடுப்பதுபோல, "கா… காத்து."

காத்து. செடிக்குக் காற்றுப் போக இடம் விடு என்கிறாரா? ஆமாம், இவ்வளவு நெருக்கி விதைத்திருக்கக் கூடாது, அதுதானா? இல்லை, தெருப்பக்கமிருந்து வீசும் காற்று குளிர்கிறதா? "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை." அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி இலையைக் கிள்ளத் தொடங்கினார். உள்ளே கணவர் முகம் மழிக்கும் சத்தம் கேட்கிறது, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், உங்கம்மா பேசிட்டாங்க என்று கத்த வேண்டும், இதற்காகத்தானே இத்தனை மாதம்… ஒரு சொல் வந்துவிட்டது, இனி ஒவ்வொன்றாக வரும், சொந்த அர்த்தத்தோடு வரும், அதில் எனக்கென்று என்ன வைத்திருப்பார், பழைய களையையும் கண்றாவியையுமா? முதலில் எனக்குள் வந்தது சந்தோஷம்தானா? "என்னங்க…" என்று கூப்பிட்டாள், உள்ளே கேட்காத அளவுக்கு மெல்ல.