கண்ணுக்குள் ஓடிய பூச்சி

கண்ணுக்குள் பூச்சி ஓடுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னதுதான் அஹ்சன் செய்த தப்பு. தென்காசியில் கண்ணில் பூச்சி பறக்கிறது என்றால் உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம். பறக்கவில்லை, ஓடுகிறது என்று அவன் தலைகீழாக நின்று சொல்லியும் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உம்மா பாத்திமுத்து மறுநாளே ஆட்டு ஈரல் வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கி வைத்தாள். நாலு நாள் ஈரல் தின்றும் வலது இமைக்கு அடியில் அது ஊர்ந்துகொண்டேதான் இருந்தது.

வாப்பா ஒலி முகம்மது ஈரலையும் நம்பவில்லை, பூச்சியையும் நம்பவில்லை. சனிக்கிழமை அவனுக்குக் கத்தார் விமானம்.

"போன லீவுக்கு முதுகுவலி. அதுக்கு முந்துன லீவுக்குக் கடவாப்பல்லு. இந்தத் தடவ பூச்சியா, லே?"

இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் கிடந்து சர்க்கரை நோயோடு திரும்பிய மனுஷர். அவர் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. முதுகும் பல்லும் சுத்தப் பொய்.

கத்தாரில் அஹ்சனுக்கு இறைச்சி உறையவைக்கும் கிடங்கில் வேலை. வெளியே வெயில் நாற்பத்தெட்டு, உள்ளே மைனஸ் பதினெட்டு. பின்னால் அந்தக் கனத்த கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆறு வருஷமாக அடைக்கிறது. போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாப்பா முகத்தைப் பார்த்ததும் அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக முதுகுவலி, பல்வலி என்றுதான் வாயில் வரும். தெருவில் அவன் வயசுக்காரன் எல்லாம் அக்கரையில் இருக்கும்போது, இவன் மட்டும் என்ன சொல்லி ஊரில் நிற்பான்?

அதனால், பொய்க்குப் பதிலாக நிஜமாகவே ஒன்று வந்தபோது பயத்தோடு சேர்ந்து ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் வந்தது. கண் கெட்டவனை யார் விமானம் ஏற்றுவார்கள்? ஆனால் நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

வியாழக்கிழமை வாப்பா வண்டி பிடித்து எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். சீசன் தண்ணீர், ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் எல்லாக் கிறுக்கும் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. கால் மணி நேரம் மண்டையில் அடிவாங்கிவிட்டு அஹ்சன் வெளியே வந்தான். மனைவி சஃப்ரின் துண்டால் தலை துவட்டினாள். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று இமையை விரித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை விழியில் தையல் நூல் போல ஒன்று நெளிந்து நெளிந்து மூக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான், நெசமாவே ஓடுது," என்றாள்.

ஈரத்துணியோடு தென்காசிக்குத் திரும்பினார்கள். கண் டாக்டர் உமா மகேஸ்வரி மரத்துப்போக மருந்து விட்டு, துளியூண்டு கீறி, இடுக்கியால் இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது, ஒரு விரல் நீளத்துக்கு மேல். சின்ன பாட்டிலில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். இப்படி ஒன்றைத் தன் கையால் எடுப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

"இது நாய் உடம்புல வாழுத புழு. கொசு வழி மாறி உங்களுக்குக் கொண்டாந்து விட்டுட்டு. மனுஷனுக்குள்ள வந்தா இதுக்குப் பெருகவும் வழியில்ல, வெளிய போகவும் வழியில்ல. சுத்திச் சுத்தி வந்து உள்ளயே சாக வேண்டியதுதான்."

அஹ்சனுக்கு அதன்மேல் இரக்கமாக இருந்தது.

வாப்பா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெற்ற மகனைப் பொய்யன் என்று நினைத்துவிட்டேனே என்று டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டார். அவர் அழுது அஹ்சன் பார்த்ததே இல்லை. இத்தனை பிரியத்தோடு நிற்கிறவரிடம் முதுகையும் பல்லையும் பற்றி இனி எப்படி வாய் திறப்பது? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் எப்போது பயணம் போகலாம் என்று கேட்டார். டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னார். அதன்பிறகு தாராளமாகப் போகலாம் என்றும், கம்பெனிக்குத் தானே சான்று எழுதித் தருவதாகவும் சொன்னார்.

"உள்ள இன்னொண்ணு இருக்குமா டாக்டர்?" என்று அஹ்சன் கேட்டான்.

"பெரும்பாலும் ஒண்ணுதான் வரும். பயப்படாதீங்க."

"இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் நல்ல மனுஷி. சலிக்காமல் அவனை மறுபடி உட்காரவைத்து, விளக்கைப் போட்டு இரண்டு கண்ணையும் விரித்து விரித்துப் பார்த்தார். அஹ்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சுத்தமா இருக்கு," என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் வாப்பா.