கடைமடை வில்

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அது சுடர்விழியின் முதல் சொந்த ஆர்டர் அன்றைக்கா வந்து தொலைய வேண்டும்! அதிராம்பட்டினத்து மண்டபத்தில் ஆறு மணிக்கு வரவேற்பு. மேடையில் ‘செழியன் – செம்மொழி’ என்று தெர்மாகோல் எழுத்துகள் நிற்க வேண்டும். கரண்ட் வருவதே ஐந்து மணிக்குத்தான். இத்தனை நாள் அடுத்தவரிடம் கூலிக்கு மேடை கட்டியவள் தனியாகக் கிளம்பிப் பிடித்த முதல் வேலை இது. சொதப்பினால் சுற்றுவட்டாரத்தில் அடுத்த ஆர்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அவள் கலங்கவில்லை. தெர்மாகோலை அறுக்கும் வில்லில் இருக்கும் சூட்டுக்கம்பிக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரின் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தான். அதைக் கழற்றி வைக்கும்படி கணவன் பரிதியிடம் சொல்லிவிட்டு, மேடையை அளக்க மண்டபத்துக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கருகல் நாற்றம். கூடத்தில் ‘மொ’ பாதி உருகிப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பரிதி, சூடு பட்ட விரலை ஊதிக்கொண்டு நின்றான்.

“என்னங்க பண்ணுனீங்க?”

“உனக்கு ஒத்தாசையா ஒரு எழுத்து அறுத்துப் பாத்தேன். பேட்டரி சின்னது, கம்பி நீளம். கடைசி வரைக்கும் கரண்ட் போய்ச் சேராதுன்னு மூணா வெட்டி ஒண்ண மாட்டுனேன். செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரன். வாய்க்கால் நீண்டால் தண்ணீர் வராது, குறுகினால் வரும். அவன் படித்த விஞ்ஞானம் அவ்வளவுதான். திறந்துவிட்டது அளவுக்கு மீறி வந்து சேரும் என்று கடைமடையில் எவன் கனவு கண்டான்?

சுடர்விழிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீட்டரை எடுத்துத் துண்டுக் கம்பியின் இரு முனைகளிலும் வைத்தாள்.

“முழுக் கம்பி மூணு ஓம். பன்னெண்ட மூணால வகுத்தா நாலு ஆம்பியர், பதமான சூடு. இந்தத் துண்டு ஒரே ஓம். பன்னெண்டு ஆம்பியர் இழுத்திருக்கு! இந்த பேட்டரி வயர் அஞ்சுக்கு மேல தாங்காது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்.”

புதுக் கம்பி வாங்கத் தஞ்சாவூர் போய்த் திரும்ப நேரமில்லை. துண்டுகளை முறுக்கி ஒன்றாக்கினால் முடிச்சு தெர்மாகோலில் மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் அந்த மூன்று துண்டுகளையே முறைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

“மூங்கில் குச்சி இருக்குல்ல? இன்னும் ரெண்டு வில்லு கட்டுங்க.”

மூன்று வில்லிலும் ஒவ்வொரு துண்டாகக் கட்டி, ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு நீள வயரால் இணைத்தாள். மொத்தம் பழையபடி மூன்று ஓம். அந்த நேரம் பார்த்து, “அக்கா, எழுத்து ரெடியா?” என்று வந்து நின்றான் மணப்பெண்ணின் அண்ணன் அறிவுச்செல்வன். அவன் கையில் இரண்டாவது வில்லைத் திணித்தாள். பாவம், பட்டுச்சட்டையோடு உட்கார்ந்துவிட்டான்.

பரிதி மூன்றாவது வில்லைச் சந்தேகமாகப் பார்த்தான். “மேல உள்ளவுக நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டா, கடைசில எனக்கு என்ன மிஞ்சும்?”

“எல்லாருக்கும் ஒரே அளவுதாங்க.”

“சும்மா சொல்லாத.”

அவனுடைய வில்லுக்கு முன்னால் மீட்டரை இணைத்துக் காட்டினாள். நாலு. முதல் வில்லுக்கு முன்னால் வைத்தாள். அங்கேயும் நாலு. பரிதி முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாத்தா காலத்திலிருந்து மேல்மடைக்காரர்களோடு மல்லுக்கட்டிய குடும்பம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்துகொண்டு வெண்ணெய் மாதிரி ஒரு ‘ழி’யை அறுத்து எடுத்தான்.

கரண்ட் வருவதற்குள் எழுத்துகள் மண்டபம் போய்ச் சேர்ந்தன. வரவேற்பில் ஓர் அம்மாள் சுடர்விழியைத் தேடி வந்து, பேரனின் காதணி விழாவுக்கு மேடை போட முடியுமா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பரிதி முந்திக்கொண்டான்.

“தாராளமா போடலாங்க. எந்த எழுத்து வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா அந்தக் கடைசி வில்லு மட்டும் எனக்குத்தான்.”