மூன்றாவது கேள்விக்குப் பதில்

இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. ட்ரோயான் ஊர்த் தயிர்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பிலியானா அதை மூன்று முறை படித்தாள்.

டென்மார்க்கில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து ஒரு மாதமாகிறது. கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடம் அங்கே தங்கவும் சாப்பிடவும் அவளுடைய மூன்று வருடச் சம்பளம் வேண்டும். அதைத் தருவதாக இருந்தது அங்குள்ள ஓர் அறக்கட்டளை. இப்போது அது எழுதியிருந்தது: "நேர்காணலில், வேறு இடத்தில் உதவித்தொகை உறுதியாகிவிட்டதாகத் தெரிவித்தீர்கள். வாழ்த்துகள். ஆகவே எங்கள் தொகையை அடுத்தவருக்குத் தருகிறோம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தொலைபேசியில் தெரிவிக்கவும்."

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. எப்போதுமே அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"என்னடி, உன் முகத்தைப் பார்த்தா பால் தானா உறைஞ்சிடும் போலிருக்கு?" என்றாள் எதிர் மேசை ஸ்லாவ்கா அக்கா.

பிலியானா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஸ்லாவ்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிலியானா நான்கு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள்.

"போனா போகட்டும் விடு. அஞ்சு இடத்துல போட்டிருக்கேன்னு சொன்னியே, மிச்சம் நாலு இருக்கில்ல?"

பிலியானா குனிந்து, கண்ணாடித் தட்டில் வளர்ந்திருந்த நுண்ணுயிர்ப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள். காலையில் ஒருமுறை எண்ணி முடித்த தட்டு அது.

மத்தியானம் அறக்கட்டளைக்குப் பதில் எழுதினாள். 'இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் படிக்கப்படுவதில்லை, தயவுசெய்து அழைக்கவும்' என்று அந்த நொடியே இயந்திரம் பதில் அனுப்பியது. எண்ணை அழுத்தினாள். முதல் மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். இரவுக்குள் இதையே ஆறு முறை செய்தாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இரண்டு வாரத்துக்கு முன், கணினித் திரையில் நேர்காணல் முடிந்த அன்று, "நல்லாப் போச்சா? குடுத்துடுவாங்களா?" என்று அம்மா கேட்டபோது, ஆமாம் என்று தலையை இடவலமாக ஆட்டியிருந்தாள். மறுநாளே அம்மா இரண்டு பெட்டி சாக்லேட் வாங்கி, தான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக் கவுண்டரில் வைத்துவிட்டாள். அந்த ஊரில் புதுச் செருப்பு வாங்கினால்கூட நாலு பேருக்கு இனிப்புக் கொடுத்தாக வேண்டும். ஓய்வூதியம் வாங்க வந்தவர்கள் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். "கிடைச்ச பிறகு குடுக்கக் கூடாதா, பென்கா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "கிடைச்ச பிறகு இன்னொரு தடவை குடுப்பேன். உனக்கென்ன நஷ்டம்?" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை மதிய உணவின்போது ஸ்லாவ்கா அக்கா பொறுமை இழந்தாள்.

"அந்த ஆளுங்க என்னதான் கேட்டாங்க? நான்தான் டென்மார்க் பேராசிரியர்னு வச்சுக்கோ." மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கினாள். ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடை. "சொல்லுங்க பெண்ணே, எதைப் பத்திப் படிக்கப் போறீங்க?"

"ஊருக்கு ஊர் ஆட்டுப்பால் தயிர் ஏன் வேற வேற மாதிரி உறையுதுன்னு."

"எனக்கே தெரியும், அதுக்கு டென்மார்க்கா? சரி, ரெண்டாவது?"

"திரும்பி வருவியான்னு. வருவேன்னு சொன்னேன்."

"மூணாவது?"

"வேற எங்கயாவது பணம் உறுதியாகிடுச்சான்னு."

"அதுக்கு என்ன சொன்னே?"

"இல்லைன்னுதான்." பிலியானா நாக்கால் மெல்ல ஒரு 'ச்' கொட்டி, மோவாயை மேலே தூக்கி இறக்கிக் காட்டினாள்.

ஸ்லாவ்காவின் கை பாதியில் நின்றது. "வாயால சொல்லலையா?"

"இல்லை. தலையைத்தான்..."

"அடி மண்டு! என் ஜெர்மன்கார மருமகன் மொத தடவை வந்தப்போ, சூப் இன்னும் வேணுமான்னு கேட்டேன். மேலயும் கீழயும் ஆட்டினான். வேணாம்ங்கறான்னு பானையைத் தூக்கி உள்ள வச்சேன். தினமும் இதே கதை. ஒரு வாரம் அரைப்பட்டினி கிடந்து ஊர் போய்ச் சேர்ந்தான் பாவம். அப்புறம் என் பொண்ணு போன் பண்ணித் திட்டினப்போதான் தெரிஞ்சது, அவங்க ஊர்ல அது 'ஆமாம்'!"

பிலியானா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நேர்காணல் செய்த மூன்று பேராசிரியர்களும் அன்று மலர்ந்து சிரித்தது இப்போதுதான் விளங்கியது.

"போன் பண்ணு," என்றாள் ஸ்லாவ்கா.

"நேத்தே ஆறு தடவை போட்டுக் கட் பண்ணிட்டேன். நாளைக்கு."

மறுநாள் பதினொன்றேகாலுக்கு ஸ்லாவ்கா அவள் கையைப் பிடித்துத் தபால் நிலையத்துக்கு இழுத்துப் போனாள். தனியாக விட்டால் ஏழாவது முறையும் துண்டித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். கவுண்டர் முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஸ்லாவ்கா குரலைத் தாழ்த்தாமலே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அடிப்பாவி," என்றாள் அம்மா. "சரி, மத்த நாலு இடமாவது இருக்கே. இருந்தாலும் பேசு. இங்கயே பேசு."

முத்திரை குத்தும் சத்தம் நின்றது. பிலியானா எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் பெயரைக் கேட்டது. பிலியானா சொன்னாள். உதவித்தொகை விஷயமாகவா என்றது. பிலியானா தலையை இடவலமாக ஆட்டினாள்.

"போனுக்குத் தலை தெரியாதும்மா, வாயைத் திற!" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். மொத்த வரிசையும் சிரித்தது. பிலியானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் பேச்சும் வந்தது. எங்கள் ஊரில் தலையாட்டுவது உங்களுக்கு நேர்மாறு, நான் சொன்னது 'இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

எதிர்முனை பலமாகச் சிரித்தது. தொகையை இன்னும் யாருக்கும் எழுதவில்லை. விதிப்படி கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், பதிலைப் பதிவு செய்துகொள்வேன் என்றது: வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள்?

பிலியானா அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த எட்டுப் பேரில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. எதிர்முனை, அப்படியானால் இப்போதே உங்கள் பெயரை எழுதுகிறேன், திங்கட்கிழமை ஒப்பந்தம் வந்துசேரும் என்றது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"கிடைச்சிடுச்சு."

ஸ்லாவ்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மா மேசைக்கு அடியிலிருந்து மூன்றாவது சாக்லேட் பெட்டியை எடுத்தாள். எப்போது வாங்கி வைத்தாளோ. பெரியவர் இரண்டு எடுத்துக்கொண்டார். "போனுக்கு வாய் குடுத்தது நான்தானே," என்று மூன்றாவதையும் எடுத்தார்.

அம்மா ஏற்கனவே நான்கு உறைகளை வரிசையாக அடுக்கிவிட்டிருந்தாள்.

"அந்த மத்த நாலு இடத்தோட விலாசத்தைச் சொல்லு. 'மன்னிக்கணும், என் பொண்ணுக்கு உங்க பணம் வேணாம்'னு மரியாதையா எழுதிடணும். பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க. பதிவுத் தபால்லயே போடறேன், ஸ்டாம்ப் என் செலவு. மொதல் விலாசம் என்ன?"

பேனாவைத் திறந்து காத்திருந்தாள். ஸ்லாவ்கா காத்திருந்தாள். சாக்லேட்டை மென்றபடி வரிசையும் காத்திருந்தது.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தன் பழைய கல்லூரிப் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். முதல் கடிதம் கேட்க அவர் அறை வாசலில் நாற்பது நிமிடம் நின்றிருந்தாள். இரண்டாவது முறை அந்தப் படியேற அவளுக்குக் கால் எழவில்லை.

பிலியானா மோவாயை மேலே தூக்கி இறக்கினாள்.

"வாயால!" என்றார் பெரியவர்.

"நாலு இடமெல்லாம் இல்லம்மா," என்றாள் பிலியானா, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "நான் இந்த ஒரு இடத்துலதான் கேட்டேன்."