நெட்டாலிக்குளம் காணப்படவில்லை

கன்னியாகுமரி மாவட்டத்து மாந்தர்கள், நாரைகள், கெண்டை மீன்கள், தவளைகள் அனைவரின் மேலான கவனத்திற்கு: நெட்டாலிக்குளம் இருக்கிறதா, இல்லையா என்பதை நேரில் கண்டு உலகுக்கு உரைப்பதற்காக, தீர்ப்பாயம் நியமித்த ஐவர் குழு கார்த்திகை மாதத்து வியாழக்கிழமையொன்றில் காலை பதினொரு மணிக்கு எழுந்தருளும்.

எழுந்தருளியபோது மணி இரண்டரை.

மனுதாரர் பகவதியம்மாள் ஒன்பதரைக்கே வந்து ரசலையனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் துணிப்பை; அதற்குள் மூன்று வருட வழக்கு. கொட்டாரத்துக்கு வடக்கே, குளத்து மடைக்குக் கீழே அவளுக்கு அறுபது சென்ட் வயல். குளத்தை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டியவர், கார் நிறுத்த இடம் போதாமல் குளத்துக்குள் செம்மண் அடிக்கத் தொடங்கியபோது, கேஸ் கொடுக்க வேண்டும் என்று ஊரே கொதித்தது. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியதும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கல்யாணம் வந்துவிட்டது, அதே மண்டபத்தில். அவள் மட்டும் போட்டாள். இப்போது மண் மடைக்குப் பத்தடி தள்ளி நிற்கிறது. அந்தப் பத்தடியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு இடைக்காலத் தடையுத்தரவு. அது போனால் மடை மூடும், மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல் கருகும், பிறகு வயலும் கார் நிறுத்துமிடம்தான்.

வக்கீல் செல்வதாஸ் அவளிடம் கட்டணம் வாங்குவதில்லை. துண்டறிக்கைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'இயற்கையின் போர்வாள்' என்று இருக்கும். போர்வாள் அன்று ஐந்து பச்சைப் பொன்னாடைகளுடனும் ஒரு போட்டோக்காரருடனும் வந்திருந்தது.

குழுவின் ஜீப் டீக்கடை முன்னால் நின்றது. குளம் அங்கிருந்து முந்நூறு மீட்டர், வாழைத்தோட்டத்துக்குப் பின்னால். முந்தின இரவு பெய்த மழையில் பாதை முழங்கால் சேறு. குழுத்தலைவர் தன் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் பருப்பில் சுட்ட ரசவடையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"சாரே, கொளம் வாழைக்கு அங்கிண கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் பகவதியம்மாள்.

"பாக்கத்தானேம்மா வந்திருக்கோம்? சாட்டிலைட்டுக்கு எல்லாம் ஒரே எடந்தான்" என்றார் தலைவர்.

உறுப்பினர் ஒருவர் பாய்லர் பக்கம் நின்று ஃபோனை உயர்த்தி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொண்டார். இன்னொருவர் சட்னி கேட்டார்.

"வக்கீல் சாரே, நீங்களாவது சொல்லப்பிடாதா?"

"பெரிய ஆளுகளை அப்பிடி நிர்ப்பந்திக்கப்பிடாது, பகவதியம்மா. நம்ம கேஸு ஸ்ட்ராங்காக்கும்" என்று காதோரம் சொல்லிவிட்டு, செல்வதாஸ் பொன்னாடையை விரித்து போட்டோக்காரரின் பக்கம் திரும்பினார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. குறிப்பிட்ட இடத்தில் நீர்நிலை எதுவும் காணப்படவில்லை. தேநீர்க்கடை ஒன்று இயங்கிவருகிறது. அதைப் படித்த இன்னொரு அலுவலகம், குளமென்று பதிவேட்டில் உள்ள இடத்தில் டீக்கடையா என்று திடுக்கிட்டு, ரசலையனுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அனுப்பியது.

அவன் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு அவள் வயலுக்கே வந்துவிட்டான்.

"யக்கா, கொளம் இல்லவே இல்லையாம். ஆனா என் கடை அதுக்குள்ள நிக்காம். இல்லாத கொளத்துக்குள்ள நின்னு நான் எப்பிடி சாயா ஆத்துவேன்? பதினஞ்சு நாளுல காலி பண்ணணுமாம். எல்லாம் ஒங்க கேஸு."

"வடை குடுத்து இருத்தினது ஆரு? நீ ரெண்டு கொறச்சுப் போட்டிருந்தா எந்திரிச்சு நடந்திருப்பானுவ."

"வடை நல்லாருந்தது என் குத்தமா?"

அவள் அவனுடைய ஃபோனை வாங்கிச் செல்வதாஸைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை விசாரணை, அறிக்கை அப்படியே நின்றால் தடை விலகிவிடும், அதற்குள் ஆட்சேபணை போட வேண்டும் என்றார் அவர். குளத்தில் தண்ணீர் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

"மூணு வருசமா நீங்க எடுத்த போட்டோ என்னாச்சு, சாரே?"

"அதுல எல்லாத்துலயும் நான்தான் நிக்கேன். கொளம் மறைஞ்சு போச்சு."

ஞாயிறு காலை அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். கோர்ட்டில் நாள் தெரிய வேண்டும் என்று அன்றைய பேப்பரைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். மண்டபத்தின் ஓரத்தில் செம்மண் லாரிகள் மூன்று, திங்கட்கிழமைக்காக முந்தின நாளே வந்து வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்றின் மேலிருந்து நாரையொன்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இன்னும் ரெண்டு எட்டு உள்ள போங்க. ஆழம் தெரியாண்டாமா?" கரையிலிருந்து ரசலையன் கத்தினான். "பேப்பரை நேரப் பிடியுங்க. சிரிக்கக்கிரிக்கச் செய்யாதீங்க."

"நான் எதைக் கண்டுலே சிரிக்கப் போறேன்? எடு சீக்கிரம், காலுல என்னமோ கடிக்கி."

படம் தெளிவாக விழுந்தது. அப்படியே செல்வதாஸுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் அவர் அழைத்தார். ரசலையன் ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைக் குளத்தை நோக்கி நீட்டினான்.

"பகவதியம்மா, படத்துக்க மூலையில எடத்துப் பேரு தானா விழுந்து கெடக்கு. ரசலையன் டீ ஸ்டால் பக்கம்னு போட்டிருக்கு. இதைக் குடுத்தா அவிய சொன்னது சரின்னுல்லா ஆவும்?"

தண்ணீர் அவள் மார்பு வரை இருந்தது.